கை நனைக்காத வசூல்

அண்ணா,

மகனுக்குத் தாய் எழுத வேண்டிய கடிதம் இது. அம்மாவுக்கு எழுத்து தெரியாது என்பதால் என்னை உட்காரவைத்துச் சொன்னாள். "ஏஞ்சாமி, நல்லா இருக்கறயா. பெரிய வேலைக்குப் போறயாமா, சந்தோசம். போறதுக்கு முன்னால உன்ற சின்னம்மா ஊட்டுல ஒரு வாய் தின்னுபோட்டுப் போ." அவள் சொன்னது அவ்வளவுதான். சொல்லிவிட்டு மரவள்ளிக் காட்டுக்குப் போய்விட்டாள். மூன்று வரியை வைத்துக்கொண்டு ஒரு கடிதம் அனுப்ப முடியாது. அவள் சொல்லாமல் விட்டது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அதனால் மீதியை நான் எழுதுகிறேன். தங்கைக்கு இவ்வளவு வாயா என்று கோபப்படாதே. அம்மா உனக்குச் சொல்ல வேண்டிய புத்தியை நான் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்.

இது உனக்கு மட்டும் எழுதுவதும் இல்லை. செம்மேட்டில் உங்கள் கடன் கம்பெனி நடத்தப்போகும் கூட்டத்தில் இதையே வாசிக்கலாம் என்றிருக்கிறேன். நாலு பேர் நடுவில் எனக்கு வாய் வராது என்பது உனக்குத் தெரியும். எழுதி வைத்ததை வாசிப்பது என்றால் ஒருவேளை முடியும். வாசித்தால் உன் புது வேலை போகலாம், இருக்கிற வேலையும் போகலாம். அது தெரியாமல் எழுதவில்லை. தெரிந்துதான் முதலில் உனக்கு அனுப்புகிறேன். மலைக்குக் கீழேயிருந்து கூட்டத்துக்கு வருகிற கீழ்நாட்டுக்காரர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால், உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். பொறுமையாகப் படி.

கொல்லிமலையில் நம் பைல் நாட்டுப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து உங்கள் கம்பெனியில் வாங்கிய கடன் அது. அன்னாசி போட, மிளகுக் கொடிக்கு எரு வைக்க, பிள்ளையை ஹாஸ்டலில் சேர்க்க என்று ஒவ்வொருத்திக்கும் ஒரு காரணம் இருந்தது. வாரம் தவறாமல் தவணை. மரவள்ளி வருசத்துக்கு ஒரு முறை பிடுங்குவது. மிளகும் அப்படித்தான். வருசத்துக்கு ஒரு முறை காசு பார்க்கிற காட்டுக்கு வாரத் தவணை எப்படிப் பொருந்தும் என்று கொடுத்தவர்களும் கேட்கவில்லை, வாங்கியவர்களும் கேட்கவில்லை. மழை பிந்தியபோதுதான் கேட்டோம். அப்போது கேட்டு என்ன செய்வது. கீழே முள்ளுக்குறிச்சிப் பக்கமிருந்து பைக்கில் வசூல்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். வீட்டுக்குள் வரமாட்டார்கள். ரோட்டில் நின்று பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். பக்கத்து ஊருக்கும் கேட்க வேண்டும் என்றே கத்துவார்கள்.

நம் சின்னம்மாவின் வாய் உனக்குத் தெரியாததா. சித்தப்பா கேரளாவுக்கு வேலைக்குப் போனதிலிருந்து இரண்டு பெண் பிள்ளைகளையும் காட்டையும் தனியாகப் பார்க்கிறவள் அவள். ஒரு நாள் வசூல்காரர் ஒருவர் அவள் காட்டு ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினார். சின்னம்மா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்று, "நல்லா சத்தம் போடு சாமி. காட்டுப்பன்னி கெழங்க நோண்டிட்டே இருக்குது, நாயக் கண்டாலும் பயப்படறதில்ல. உன்ற சத்தத்துக்காச்சும் ஓடுதான்னு பாப்போம்" என்றாள். சுற்றி வேலை செய்தவர்கள் சிரித்த சிரிப்பில் அந்த ஆள் பைக்கை எடுத்துக்கொண்டு போனார். கத்துகிறவரைக் கேலி செய்யலாம். பதிலுக்குக் கத்தலாம். அவமானம்தான், ஆனால் அதைச் செய்தவர் வெளியாள் என்பதால் அது உடம்பின் மேலேயே நின்றது, உள்ளே இறங்கவில்லை. ஆனால் ஒரு நாள் இருட்டிய பிறகு வந்து, ஆண் துணை இல்லாத ஒரு வீட்டின் கதவைத் தட்டினார்கள். அதன் பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பெண்கள் எல்லாரும் பஸ் ஏறிச் செம்மேட்டு ஆபீசுக்குப் போனார்கள். அந்த வயசிலும் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன்.

அங்கே பேசியது அம்மாதான். "ஏனுங், இந்த மலைல பசங்களே இல்லீங்களா? எங்க பசங்கள்ல ஒருத்தனப் போடுங்க. எங்க மொறை தெரிஞ்சவன் வந்தா நாங்க எதுக்குங்க ஓடி ஒளியறோம்?" மேனேஜர் அம்மாவின் முகத்தையே பார்த்தார். பிறகு கீழே யாருக்கோ போன் போட்டார். டீ வாங்கிக் கொடுத்தார். அடுத்த மாதமே மலைக்காரப் பையன்களை வேலைக்கு எடுப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். எல்லாரும் ஜெயித்த மாதிரி பஸ்ஸில் பேசிக்கொண்டு வந்தார்கள். எனக்கு அப்போதே மனசு ஒப்பவில்லை. சந்தையில் விலை பேசாமலே பொருளைக் கொடுத்துவிடுகிற வியாபாரியை அம்மா நம்பமாட்டாள். காயைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், அழுகல் எங்கே என்று. அன்றைக்கு மட்டும் ஏன் பார்க்காமல் விட்டாள் என்று நான் யோசித்திருக்கிறேன். கேட்டது தன் பிள்ளைக்காக என்பதால் இருக்கும்.

நீ வேலைக்குச் சேர்ந்தாய். உனக்கு ஒரு வாரம் கீழே வகுப்பு எடுத்தார்கள். சட்டை, கழுத்தில் தொங்கும் கார்டு, பை. ஆபீஸ் சுவரில் புது போர்டு வைத்தார்கள். சத்தம் போடக் கூடாது, கெட்ட வார்த்தை கூடாது, பொழுது சாய்ந்த பின் வரக் கூடாது, வீட்டுப் பொருளைத் தொடக் கூடாது, குறை இருந்தால் இந்த நம்பருக்குச் சொல்லலாம். எல்லாம் நல்ல வார்த்தைகள்தான், நான் ஒன்றையும் பழிக்கவில்லை. அந்தப் போர்டு வந்த பிறகு இருட்டில் யாரும் கதவைத் தட்டவில்லை என்பது உண்மை. உன் பேச்சும் மாறியது. ஒரு தடவை போனை வைக்கும்போது அம்மாவிடமே, "வேற எதுனா உதவி வேணுங்களாம்மா" என்று கேட்டாய். அம்மா, "வேணுஞ்சாமி. ரெண்டு சொமை வெறகு காட்டுலயே கெடக்குது. வந்து தூக்கிப் போட்டுட்டுப் போ" என்றாள். நீயும் சிரித்தாய். ஆனால் அந்தக் குரல் யாரோ உனக்குப் போட்டுவிட்ட சட்டை மாதிரி எனக்குத் தோன்றியது. உள்ளே இருக்கிறது யார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சின்னம்மா வீட்டில் நீ உட்கார்ந்த நாளுக்கு வருகிறேன். நானும் அங்கே இருந்தேன், வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தேன். நீ காலையில் வந்தாய். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாய். "நல்லா இருக்கறீங்களா சின்னம்மா" என்று கேட்டு உள்ளே போய் உட்கார்ந்தாய். சின்னம்மா உன்னைப் பார்த்த சந்தோசத்தில் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். நீ கை நீட்டவில்லை. அவள் கீழே வைத்தாள். களி கிண்டி, மொச்சைக் குழம்பு வைத்தாள். உனக்குப் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். தட்டை வைத்தபோது நீ எழுந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாய். "இருக்கட்டுங் சின்னம்மா. டியூவக் கட்டிப்போட்டு வெச்சீங்கன்னா திங்கறேன்" என்றாய். மெதுவாக, தலையைக் குனிந்துகொண்டு சொன்னாய். போர்டில் எழுதியிருக்கிற ஒரு விதியையும் நீ மீறவில்லை.

கீழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். வந்த ஆள் சாப்பிடவில்லை, அவ்வளவுதானே என்று. எங்கள் மலையில் உறவு முறைக்காரன் ஒருவன் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, கை நனைக்கமாட்டேன் என்று சொன்னால் அது சாதாரணம் இல்லை. அவன் கை நனைக்கும் வரை அந்த வீட்டில் யாரும் சோற்றில் கை வைக்கக் கூடாது. அடுப்பில் இருப்பது அப்படியே இருக்கும். அவன் அப்படியே எழுந்து போய்விட்டால் அந்த வீட்டோடு கொடுக்கல் வாங்கல், நல்லது கெட்டது எல்லாம் அறுந்துபோனது என்று அர்த்தம். நாளைக்கு அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் தாய்மாமன் வீட்டார் முதலில் கேட்பது அதுதான், ஏன் உன் பெரியப்பன் மகன் கை நனைக்காமல் போனான் என்று. அதனால் வந்தவனை விரட்டவும் முடியாது, விட்டுவிட்டு வேலைக்குப் போகவும் முடியாது. அவன் பட்டினியை வீடு முழுக்கச் சேர்ந்து சுமக்க வேண்டும்.

நீ அதைத்தான் செய்தாய். லீவுக்கு வந்திருந்த சின்னவள் இரண்டு முறை சமையல் கட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். சின்னம்மா கண்ணாலேயே அவளை வெளியே அனுப்பினாள். வெயில் ஏறியது. சின்னம்மா உன் எதிரே உட்கார்ந்து, "ஒரு வாய் தண்ணியாச்சும் குடி கண்ணு. என்ற மேல கோவம்னா வைதுபோட்டுப் போ" என்றாள். நீ சொன்னாய், "நான் உங்க பையனுங் சின்னம்மா. உங்கள வைவனுங்களா?" அதற்கு அவள் சொன்னதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. "நீ வைதுபோட்டுப் போயிருந்தீன்னா எனக்குத் தேவலைடா சாமி." காட்டுப்பன்னிக் கேலி செய்த வாய் அது. உன்னிடம் அவளுக்குக் கேலி ஒன்றும் இல்லை. மத்தியானம் அவள் பின்பக்கமாக இறங்கிப் போனாள். திரும்பி வந்தபோது கையில் காசு இருந்தது. சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருந்த மிளகுக் கொடிகளை, குலை பச்சையாக இருக்கும்போதே, கொடியோடு வியாபாரியிடம் பேசி முன்பணம் வாங்கி வந்திருந்தாள். அந்த வருசத்து மிளகு முழுக்க அவர் சொன்ன விலைக்குப் போனது. நீ காசை எண்ணி, ரசீது கொடுத்து, ஆறிப்போன களியில் இரண்டு வாய் தின்றாய். "வாரனுங் சின்னம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாய். அவளும் "போய்ட்டு வா சாமி" என்றாள். யாருக்கும் ஒரு காயமும் இல்லை. புகார் நம்பருக்குப் போன் போட்டால் என்னவென்று சொல்வது? எங்கள் பிள்ளை எங்கள் வீட்டில் சாப்பிடவில்லை என்றா?

இதை நீ வகுப்பில் கற்கவில்லை. எங்கே கற்றாய் என்று எனக்குத் தெரியும், அம்மா சொல்லியிருக்கிறாள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அத்தையை அவள் புருசன் கை ஓங்கி அடித்துவிட்டார். அப்பா உன்னைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். மாமன் வைத்த தண்ணீரைத் தொடவில்லை. உனக்குப் பசித்து அழுகை வந்தபோதும், "இன்னைக்கு நம்ம தண்ணி இங்கில்ல சாமி" என்று உன்னை மடியில் வைத்துக்கொண்டாராம். ஊர்க்காரர்கள் கூடினார்கள். இனிமேல் கை நீட்டமாட்டேன் என்று மாமன் எல்லார் முன்னாலும் சொன்ன பிறகுதான் அப்பா தண்ணீர் குடித்தார். உனக்கும் கொடுத்தார். அப்பாவுக்கு அடிதடி தெரியாது, போலீஸ் தெரியாது. தங்கச்சிக்காக அவரிடம் இருந்தது அந்தப் பட்டினி ஒன்றுதான். அதைப் பலமான ஆளின் வீட்டில் கொண்டுபோய் வைத்தார். நீ அதை எடுத்துக்கொண்டு யார் வீட்டுக்குப் போனாய் அண்ணா?

நீ சின்னம்மா வீட்டில் உட்கார்ந்ததை அப்பாவிடம் நான்தான் சொன்னேன். மிளகு பறிக்க ஏறி விழுந்ததிலிருந்து அவர் கோல் ஊன்றித்தான் நடக்கிறார், அதிகம் பேசுவதும் இல்லை. அவர் விழுந்த வருசம்தான் நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றேன். காட்டுக்கு ஒரு ஆள் வேண்டும், நீ காலேஜில் இருந்தாய். அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நடுங்குகிறவள் நான். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கோலைச் சுவரில் சாத்திவைத்தார். பிறகு, "நான் உக்காந்தப்ப எனக்குச் சம்பளம் ஆரு குடுத்தா?" என்று மட்டும் கேட்டார். உன்மேல் கோபம் என்று சொல்ல முடியாது. தெரியாமல் கேட்கிற மாதிரியே கேட்டார்.

உனக்கும் அது லேசாக இல்லை என்பது எனக்குத் தெரியும். அன்றைக்குச் சாயங்காலம் நீ நம் வீட்டுக்கு வந்து, குடத்தடியில் நின்றபடியே தண்ணீரை மொண்டு மொண்டு குடித்தாய். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டாய். மறுநாள் போனில் நான் கேட்டேன், இப்படிச் செய்யலாமா என்று. வசூல் ஆகாத தொகைக்கு மேலதிகாரிகள் உன்னைத்தான் கேட்கிறார்கள் என்றாய். "நான் போவுலன்னா பழைய ஆளுங்களத்தான் அனுப்புவாங்க கண்ணு. ரோட்டுல நின்னு கத்துவானுங்க. அது பரவால்லயா?" என்றாய். அன்றைக்குச் சரி என்று போனை வைத்துவிட்டேன். பதிலை இப்போது சொல்கிறேன். கத்துகிறவன் வந்தால் சின்னம்மாவுக்கு எதிர்த்துப் பேச ஒரு வாய் இருக்கும். பக்கத்து வீட்டார் வந்து நிற்பார்கள். நீ வந்தால் யாரும் வரமாட்டார்கள். பிள்ளைக்கும் சின்னம்மாவுக்கும் நடுவில் எந்த ஊர் வந்து நிற்கும்? நாங்கள் எங்கள் ஆள் வேண்டும் என்று கேட்டோம். அவர்கள் எங்கள் ஆளை எடுத்துக்கொண்டார்கள். இரண்டும் ஒன்று என்று அம்மா நினைத்தாள்.

அதன் பிறகு நீ இன்னும் சில வீடுகளில் உட்கார்ந்தாய். எல்லாம் முறைக்கார வீடுகள். எல்லாரும் கட்டினார்கள். கொல்லிமலையில் வசூல் முழுசு, புகார் ஒன்றுகூட இல்லை என்று கம்பெனியில் பேச்சானது. இப்போது உனக்கு சேலத்தில் வேலை. கல்வராயன் மலை, பச்சைமலை, ஏற்காட்டுப் பக்கம் என்று அந்தந்த மலைக்காரப் பையன்களை எடுத்து, அவர்களுக்கு நீ வகுப்பு எடுக்க வேண்டும். மரியாதையாக வசூல் செய்வது எப்படி என்று. அந்த மலைகளிலும் சின்னம்மாக்கள் இருப்பார்கள், இல்லையா?

என் சங்கதி ஒன்றும் இருக்கிறது. கம்பெனி புதிதாக ஒரு குறைதீர்க்கும் குழு வைக்கிறது. சட்டப்படி கடன் வாங்கியவர்கள் பக்கத்திலிருந்தும் ஒரு ஆள் அதில் உட்கார வேண்டுமாம், மலைக்காரப் பெண்ணாக இருந்தால் நல்லதாம். மேனேஜர் பிஸ்கட் பாக்கெட்டோடு நம் வீட்டுக்கு வந்தார். என்னை உறுப்பினராகப் போட்டிருப்பதாகச் சொன்னார். எனக்குக் கடனே இல்லையே என்றேன். அம்மா பெயரில் இருக்கிறதே, ஒரே குடும்பம்தானே என்றார். நான் அங்கே வந்து என்னங்க பேசணும் என்று கேட்டேன். அதைக் கேட்கவே எனக்கு வேர்த்துவிட்டது. "நீங்க ஒண்ணும் பேச வேண்டாங்கம்மா. வந்து உக்காந்தீங்கன்னா போதும்" என்றார். போட்டோ எடுத்தார். பிஸ்கட்டை நான் பிரிக்கவில்லை. இந்த மலையில் எவ்வளவு பேர் இருக்கிறார்கள். பன்னிரண்டாவது முடித்த பெண்கள் இருக்கிறார்கள், குழுத் தலைவிகள் இருக்கிறார்கள், சின்னம்மா இருக்கிறாள். அவர்களை எல்லாம் விட்டுவிட்டு, சந்தையில் தக்காளி விலை கேட்கவே அம்மாவின் பின்னால் நிற்கிற என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்று யோசித்தபடியே இருந்தேன். அவரே கிளம்பும்போது சொன்னார். "உங்க அண்ணன்தாங்க உங்க பேரக் குடுத்தாரு. தங்கச்சி தங்கமான பொண்ணு, அதிர்ந்துகூடப் பேசாதுன்னு."

இதை உன்னிடம் போனில் கேட்டிருக்கலாம். கேட்டால் அந்த வேலைக் குரலில் ஏதாவது சொல்வாய், நானும் சரி என்று வைத்துவிடுவேன். அதனால் கேட்கவில்லை. நீ என்ன நினைத்து என் பெயரைச் சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. படிப்பை விட்ட தங்கைக்கு ஒரு மரியாதை கிடைக்கட்டும் என்று நினைத்திருக்கலாம். அவர்கள் ஊமையாக ஒரு ஆள் கேட்டபோது என் முகம் உனக்கு ஞாபகம் வந்திருக்கலாம். இரண்டில் எது என்று உன்னால்கூடப் பிரித்துச் சொல்ல முடியாமல் இருக்கலாம். நான் முதலாவதை நம்பத்தான் பார்க்கிறேன், முடியவில்லை. நம் அம்மா கேட்டதற்கு உன்னைக் கொடுத்தார்கள். சட்டம் கேட்டதற்கு என்னை எடுக்கிறார்கள். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர், நீ வாங்குகிற பக்கம், நான் கொடுக்கிற பக்கம். நடுவில் யார் எதைக் கேட்கப்போகிறார்கள்?

வாசிப்பதற்கு முன்னால் சின்னம்மாவிடம் கேட்க வேண்டும் என்று போனேன். அவள் கொடிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். புகார் எழுதித் தருகிறாயா என்று கேட்டதும் அவளுக்குக் கோபம் வந்தது. "என்ற பையன் மேல நான் என்னன்னுடி எழுதறது? அவன் கையப் புடிச்சு நடக்கச் சொல்லிக் குடுத்தவ நானு" என்றாள். அங்கே இருந்த இன்னொருத்தி, இதைக் கிளப்பினால் பழைய பைக் ஆட்கள்தான் வருவார்கள், இருக்கிறதைக் கெடுக்காதே என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் திரும்பிக் கொஞ்ச தூரம் வந்த பிறகு சின்னம்மா கூப்பிட்டாள். "எம் பேர வேணாம். ஒரு ஊட்டுல போய்ப் பட்டினியா உக்காந்தான், அந்த ஊட்டுக் கொழந்தையும் பட்டினி கெடந்துச்சுன்னு மட்டும் சொல்லு. இனிமே அப்படி வராதீங்கன்னு சொல்லு. அவனத் திட்டாத" என்றாள். அதனால் அவள் வருகிற இடங்களையும் அவளை அடையாளம் காட்டுகிற வரிகளையும் கூட்டத்தில் வாசிக்கமாட்டேன். ஒரு வீடு என்று மட்டும் வாசிப்பேன். உனக்கு மட்டும்தான் முழுசாக எழுதியிருக்கிறேன்.

நான் கேட்கப்போவது பெரிய சங்கதி இல்லை. போர்டில் இன்னும் இரண்டு வரி எழுதட்டும். உறவு முறைக்காரனை உறவுக்காரர் வீட்டுக்கு வசூலுக்கு அனுப்பக் கூடாது. வந்தவர் வீட்டுக்குள் உட்காராமல் வாசலில் பேசிவிட்டுப் போக வேண்டும். காட்டில் காசு வருகிற மாசத்தில் தவணை வைக்கட்டும். குழுவுக்கு ஆள் வேண்டுமென்றால் கடன் வாங்கிய பெண்களே கூடித் தேர்ந்தெடுக்கட்டும். வசூல்காரர் பெயர் சொல்லக் கூடாது, அவர் அண்ணனாகவே இருந்தாலும். கடனே கட்டமாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. வாங்கியதைக் கொடுக்காமல் செத்தால் கடன் கொடுத்தவன் வீட்டு மாடாகப் பிறக்க வேண்டும் என்று பயப்படுகிற ஊர் இது.

உனக்கு மட்டும் ஒரு வார்த்தை. அந்த வகுப்பில் நீ எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொடு. செருப்பைக் கழற்றச் சொல், தாழ்வாகப் பேசச் சொல், ரசீது எழுதச் சொல். அப்பா மடியில் உட்கார்ந்து கற்றதைச் சொல்லிக்கொடுக்காதே. சொல்லிக்கொடுத்துவிட்டால் அது எந்த மலையிலும் மிச்சம் இருக்காது. அண்ணன் ஒருவன் தங்கச்சிக்காக ஒரு வீட்டில் போய் உட்கார்ந்தால், இவன் எந்தக் கம்பெனி என்று கேட்பார்கள். நாளைக்கு என்னை ஒருவன் அடித்தால் நீ வந்து உட்காருவாய் என்று நான் எதை வைத்து நம்புவது?

கூட்டத்தில் உனக்குச் சால்வை போடுவதாக மேனேஜர் சொன்னார். அதற்கு முன்னால், மலையிலிருந்து புகார் ஏதாவது உண்டா என்று ஒரு கேள்வி கேட்பாராம், அதுதான் முறையாம். பதிலுக்கு நிற்காமல் அடுத்ததற்குப் போய்விடுவார் என்று நினைக்கிறேன். சின்ன இடைவெளிதான் இருக்கும். நீயே எழுந்து இதைச் சொன்னால் அது உன் வாயால் வந்த நல்ல வார்த்தை, யாரும் உன்னை ஒன்றும் சொல்ல முடியாது. நான் சொன்னால் அது உன்மேல் புகார். அதனால் கேள்வி வந்ததும் முதலில் உன் முகத்தைப் பார்ப்பேன். நீ எழுந்தால் இந்தக் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், எனக்கும் அதுதான் பிடித்த வேலை. நீ தலையைக் குனிந்துகொண்டால், குரல் வந்தாலும் வராவிட்டாலும், நான் எழுந்துவிடுவேன்.

உன் தங்கை